ஹில்லா சேர்த்துவைத்த குளிர்காலம்

ஹில்லா முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அழைப்பு மணியை அடிக்கவே இல்லை. கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். குப்பையைக் கொட்டிவிட்டு வரலாமென்று நான் கதவைத் திறந்தால், எதிரே ஒரு நெட்டைப் பெண், நனைந்த பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு குளிர்ந்த தரையில் நிற்கிறாள். நவம்பர் மாதம், நாட்டின் கிழக்கோரத்தில் எங்கள் ஏரிக்கரை நகரமான யோயென்சுவே சேற்றில் ஊறிக் கிடந்தது.

“யாரும்மா நீ? எதுக்கு இங்க நிக்கறே?”

“யுனிவர்சிட்டியிலேருந்து. நடக்கறதுக்கு.”

“மணி அடிக்கறதுதானே?”

“சாப்பிட்டுட்டு இருப்பீங்களோன்னு...”

அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. இருபது வயது, பூகோளம் படிக்கிறாள் என்பதையெல்லாம் நானே கேட்டுக் கேட்டுப் பிடுங்க வேண்டியிருந்தது. அவர்கள் படிப்பில் ஒரு பாடம் இருக்கிறது. மாணவர்கள் குளிர்காலம் முழுக்க ஊரில் யாராவது ஒருவருக்குத் துணையாக இருக்க வேண்டும். வசந்தம் வந்ததும், அதனால் நான் எப்படி வளர்ந்தேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இவள் இன்னும் வளர்ந்தால் எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்குமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

துணை கேட்டது என் தம்பி யார்மோவுக்காக. முப்பது வருஷம் காட்டில் மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவன். சர்க்கரை நோயை அவன் ஒரு விருந்தாளி மாதிரிதான் நடத்தினான், வந்தால் வரட்டும் போனால் போகட்டும் என்று. அது கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பத்து மூன்று வயதில் முதலில் ஒரு கண் போயிற்று, பிறகு அடுத்ததும். காட்டோரம் தனியாக இருந்தவனை என்னுடைய மூன்றாவது மாடி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் புருஷன் எப்போதோ வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டதால் ஓர் அறை சும்மாதான் கிடந்தது.

கிழக்கே இருக்கிற கரேலியாக்காரர்கள் எங்களுக்கு வாய் சும்மா இருக்காது. அதிலும் யார்மோ பெரிய வாயாடி. இயந்திரத்தில் தனியாக உட்கார்ந்து மரங்களிடம் பேசிக்கொண்டிருப்பான் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவன் அந்த இலையுதிர்காலத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். கூப்பிட்டால் வந்து சாப்பிடுவான், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வான். பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலை முடிந்து வந்து பார்த்தால், காலையில் விட்டுப்போன அதே கிடை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“எவ்வளவுதாண்டா தூங்குவே? கரடிகூட இன்னும் குகைக்குள்ள போகல!”

“தூங்கினா தெரியுதுக்கா.”

“என்ன தெரியுது?”

“எல்லாம். காடு, மண் ரோடு, அம்மா வீட்டுப் பச்சைக் கதவு. கதவுல பெயின்ட் உரிஞ்ச இடம்கூடத் தெரியுது. முழிச்சாத்தான் ஒண்ணுமே இல்ல.”

மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டு ஆள் கேட்டேன். கனவில் மட்டும் உயிரோடு இருக்கிற ஒரு மனிதனோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்பதை போனில் சொல்லவில்லை. வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அனுப்பினார்களே ஒருத்தியை, தெற்கே ஹாமே பக்கத்துப் பெண்ணை! ஹாமேக்காரனிடம் திங்கட்கிழமை ஒன்று கேட்டால் வியாழக்கிழமைதான் ‘ம்’ என்பான் என்று நாடே சிரிக்கும். ஹில்லாவின் அப்பா மாடு வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேட்கும் ஒரே சத்தம் கரண்டிச் சத்தம்தானாம். அதற்காக அன்பு இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடுகளெல்லாம் நோய் வந்து செத்துப்போன வருஷம், அவர் காதுபட அந்த ஊரில் ஒருத்தரும் பால் என்ற சொல்லையே வாயிலெடுக்கவில்லை. கடையில் அவர் நின்றால், பால் வாங்க வந்தவர்கள் ரொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் மரியாதை என்றால் என்ன என்று ஹில்லா கற்றுக்கொண்டாள்.

துணைக்குப் போகிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் அரைநாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முழங்கையை நீட்டு, அவர் பிடித்துக்கொள்ளட்டும், படி வந்தால் சொல், வழுக்கினால் சொல், திரும்பினால் சொல். ஹில்லா சொன்னதைச் சொன்னபடி செய்தாள். சனிக்கிழமை நடுப்பகலில் வருவாள். யார்மோ அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான். இருவரும் ஏரிக்கரை வரை போய், ஏரி நன்றாக உறைந்த பிறகு அதன்மேலேயே ஒரு வட்டம் நடந்து, திரும்பி வருவார்கள்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். டிசம்பரில் எங்கள் பகல் ஒரு நீலப் புகை மாதிரி வந்து போகும். அதற்குள் இரண்டு உருவங்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, வெள்ளை ஏரியின் மேல் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவை நடக்கின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியாது. நான் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தோலுரிக்க மறந்து நிற்பேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நன்றாகப் பழகிக்கொண்டார்கள் என்று நினைத்து எனக்கு நானே காபி ஊற்றிக்கொள்வேன்.

திரும்பி வந்ததும் அவளுக்கும் ஊற்றலாமென்று கேட்பேன். எங்கள் பக்கத்தில் காபி வேண்டாமென்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை குடிப்போம். அவள் ஒரு தடவை வேண்டாம் என்பாள், நான் இரண்டாவது தடவை வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் இறங்கியிருப்பாள். அவர்கள் ஊரில் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்களாம். அதற்குமேல் கேட்டால் வற்புறுத்துவதாம்.

“எப்படிடா இருந்துச்சு?” என்று தம்பியைக் கேட்பேன்.

“நல்லா இருந்துச்சு.”

“என்ன பேசினீங்க?”

“படி. வழுக்கும். திரும்பறோம்.” கோட்டைக் கழற்றி ஆணியைத் தடவி மாட்டுவான். “ரோட்டுல அம்புக்குறி போட்ட பலகை இருக்கும்ல, அதுக்குக் கால் முளைச்சா அவதான்.”

சிரிப்பேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அவனும் பேசிப் பார்த்திருக்கிறான். ஏரி உறைஞ்சாச்சா என்று கேட்டிருக்கிறான். பதில் இல்லை. இன்னிக்கு வேற யாராவது நடக்கறாங்களா என்று கேட்டிருக்கிறான். அதற்கும் இல்லை. பிப்ரவரியோடு கேட்பதையே விட்டுவிட்டான். ஏம்மா பேச மாட்டேங்கறே என்று நேராகக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். அதுமட்டும் எங்களுக்கும் வராது. ஊர்க்கதை எல்லாம் பேசுவோம், எதிரே நிற்கிற ஆளின் மனசில் என்ன என்று கேட்க நாக்கு எழாது.

ஹில்லாவின் பக்கத்துக் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஊரில் அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. மாணவர் குடியிருப்பில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே சமையலறை. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் இவள் உள்ளே போக மாட்டாள், அவர்கள் போன பிறகு போய் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைப்பாள். வாரம் முழுக்க அவளை ஒரு மனிதக் கை தொடுவது சனிக்கிழமை மட்டும்தான். அந்த முழங்கை ஞாயிற்றுக்கிழமை வரை சூடாக இருக்கும் என்று அவளே சொன்னாள். இரவில் படுத்துக்கொண்டு, ஏரியில் அன்று பார்த்ததை ஒவ்வொன்றாக மனசுக்குள் யார்மோவிடம் சொல்லிப் பார்ப்பாள். சொல்லச் சொல்லத் தூக்கம் வந்துவிடும். நேரில் சொல்வதைப் பற்றி அவள் நினைத்தும் பார்க்கவில்லை. கண்ணில்லாதவர் முன்னால் நின்று இது தெரிகிறது அது தெரிகிறது என்றால், மாடு செத்தவரிடம் பாலைப் பற்றிப் பேசுவதுபோல் அல்லவா?

இப்படியாகக் குளிர்காலம் முழுக்க, ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியே இரண்டு பேரும் தேய்ந்திருக்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யார்மோ தட்டைத் தள்ளி வைத்தான்.

“அக்கா, அந்தப் பொண்ணை நாளையோட நிறுத்திடலாம்.”

“ஏண்டா? எங்கயாவது விழவெச்சுட்டாளா?”

“சேச்சே. பூ மாதிரி கூட்டிட்டுப் போறா. ஆனா அவளுக்கு இது பாரம்க்கா. மார்க்குக்காக வர்றா. பக்கத்துல ஒரு ஆள் மூச்சு விடற சத்தம் கேக்குது, ஆனா நம்மகிட்ட வாயைத் திறக்க அந்த ஆளுக்கு மனசில்ல. அது எப்படி இருக்கும் தெரியுமா? தனியா இருக்கறதைவிட மோசம்.”

“அப்ப வேற ஆளைக் கேக்கறேன்.”

“வேணாம். வெளிய போனது போதும்.” கொஞ்சம் தயங்கினான். “என் மண்டைக்குள்ளயும் ஏதோ சரியில்ல. இல்லாத சத்தமெல்லாம் கேக்குது. விடுக்கா, நான் தூங்கிக்கறேன்.”

விடு என்று அவன் சொன்ன விதத்தைக் கேட்டதும், இந்தத் தடவை படுத்தான் என்றால் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு வார்த்தை பேசினால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் மறுநாள் அவள் வந்தபோது நான் என்ன சொன்னேன்? வா, வெயில் நல்லா அடிக்குது என்றேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக்கூடாதே!

வெயில் உண்மையிலேயே அடித்தது. பகலில் உருகி இரவில் இறுகின பனியின் மேல், கால் புதையாமல் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிற அந்தச் சில நாட்கள். ஊரே முற்றத்தில் இருந்தது. கம்பிகளில் கம்பளங்களைப் போட்டு, தூசி போக ஆளுக்கொரு மட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் காலையிலிருந்து பீராக்கா சுட்டுக்கொண்டிருந்தேன், ரை மாவு ஓட்டுக்குள் பாற்சோறு வைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரம். ஒரு தட்டு கருகிப் புகை கிளம்பவே ஜன்னலை அகலத் திறந்தேன்.

நேர் கீழே இருவரும் நின்றார்கள். வழக்கமாக அவர்கள் நிற்காமல் போய்விடுவார்கள். இன்று யார்மோ அவள் முழங்கையிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தான்.

“ஹில்லா, உன்னை ஒண்ணு கேக்கணும்,” என்றான். மட்டைச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் தெளிவாக மேலே வந்தது. “பொய் சொல்ல வேணாம். என்கூட நடக்கறதுல உனக்குப் பிடிச்சதுன்னு ஏதாவது ஒண்ணு இருக்கா? இல்லைன்னா இன்னிக்கோட நிறுத்திக்கலாம். எனக்கு வருத்தமில்ல.”

அவள் தலையாட்டினாள்.

ஆமாம் என்று ஒரு தடவை ஆட்டினாள். பிறகு வேகமாக, குல்லா நழுவ, மறுபடி மறுபடி ஆட்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிவது மூன்றாவது மாடிக்கே தெரிந்தது. யார்மோ காதைச் சாய்த்துக் காத்திருந்தான். அவன் காதுக்கு மட்டைச் சத்தம் மட்டும்தான் போயிருக்கும். அவன் தோள் மெல்ல இறங்கியது. சரி என்று முனகிவிட்டுக் கையை முன்னால் நீட்டி வாசற்கதவைத் தேடித் திரும்பினான்.

அந்த ஒரு நொடியில் குளிர்காலத்தில் நடந்தது முழுக்க எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவள் இப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அவளைச் சொல்லி என்ன, நானே போனில் பேசும்போது தலையாட்டுகிறவள்தான்.

எங்கள் குடியிருப்பில் இத்தனை வருஷத்தில் ஜன்னல் வழியாகக் கத்தினவர் ஒருவர்கூட இல்லை. குழந்தைகளைக்கூடக் கீழே இறங்கிப் போய்த்தான் கூப்பிடுவோம். நான் மாவுக்கையோடு பாதி உடம்பை வெளியே நீட்டினேன்.

“யார்மோ! அவ தலையாட்டறாடா! ஆமான்னு தலையாட்டறா!”

எல்லா மட்டைகளும் நின்றன.

“ஏ பொண்ணே! அவனுக்குக் கண்ணு தெரியாது, மறந்துட்டியா? வாயால சொல்லித் தொலை!”

முற்றம் முழுக்க அண்ணாந்து என்னைப் பார்த்தது. தூண் மறைவில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் சிகரெட்டையே மறந்துவிட்டார். ஹில்லாவின் முகம் காதுவரை சிவந்து போயிற்று. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“இருக்கு,” என்றாள். “நிறைய இருக்கு.”

யார்மோ குரல் வந்த பக்கம் திரும்பினான்.

“எவ்வளவு நாளா தலையாட்டிட்டு இருக்கே?”

“மொதல்லேருந்து.”

என் தம்பி சிரித்தான். ஒன்றரை வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கம்பளக் கம்பியைப் பற்றிக்கொண்டு சிரித்தான். கம்பளக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவர்கள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. பீராக்கா ஆறிப்போயின. ஏரியில் பேசியதை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போகாது. நான் கொஞ்சம்தான் பேசினேன் என்பாள் அவள். மூச்சே விடாமல் பேசினாள் என்பான் அவன். நான் என் தம்பியை நம்புகிறேன்.

“நவம்பர்லேருந்து சொல்லவா?” என்று தொடங்கினாளாம்.

“எங்கேருந்து வேணா சொல்லு.”

“ஒருநாள் கரையில நின்னு, அலைச் சத்தத்தைக் காணோமேன்னு கேட்டீங்க இல்ல? அன்னிக்குத்தான் ஏரி உறைஞ்சுது. மேல பனி விழல. கறுப்புக் கண்ணாடி. ஒரு பிர்ச் மரத்து இலை, நல்ல மஞ்சள், அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. பாதி முங்கி அப்படியே நின்னுபோச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஏரிமேல நடந்தப்பவும் அங்கேயே இருந்துச்சு, அதை மிதிக்காம உங்களைச் சுத்திக் கூட்டிட்டுப் போனேன்.”

“அதான் திடீர்னு திரும்பினியா? நான் ஓட்டையாக்கும்னு பயந்தேன்.”

“டிசம்பர்ல வெயிலே வரல. ஆனா இருட்டுன்னு நெனைக்காதீங்க. நீலமா இருந்துச்சு. பனி நீலம், உங்க மூச்சு நீலம். எதிர்க்கரையில ஒவ்வொரு ஜன்னல்லயும் மெழுகுவத்தி விளக்கு வெச்சிருந்தாங்க. ஏரியும் வானமும் ஒண்ணாயிட்டதால அந்த வீடெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. அப்புறம் மீன் பிடிக்கற ஒருத்தர். பனியில துளை போட்டு, வாளியைக் கவுத்து உக்காந்துக்கிட்டு தூங்குவாரு. எல்லா சனிக்கிழமையும் அதே இடம். ஒருநாள் அவர் மடியில ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. அதுவும் தூங்குச்சு.”

“அளக்காதே.”

“சத்தியமா. ஒரு நாய்க்கு நாலு கால்லயும் சிவப்பு ஷூ. நடக்கத் தெரியாம ஒவ்வொரு காலா உதறிக்கிட்டே போச்சு. ஜனவரில ரொம்பக் குளிரா இருந்த அன்னிக்கு உங்க கண்ணிமை முடியெல்லாம் பனி ஒட்டி வெள்ளையாயிடுச்சு. சூரியன் அப்பத்தான் மரத்துக்கு மேல வந்துச்சு, ரோஸ் கலர்ல. இமையும் ரோஸ் ஆச்சு. அதை உங்ககிட்ட சொல்லணும்னு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா? சொன்னா அழுவீங்களோன்னு விட்டுட்டேன்.”

இப்படி ஒரு குளிர்காலம் முழுவதையும் அவள் சேர்த்து வைத்திருந்தாள். யார்மோ அந்த இலையைப் பார்த்தான், அந்தரத்தில் நின்ற வீடுகளைப் பார்த்தான். அவன் விழித்துக்கொண்டிருந்தான், வெயிலில் நடந்துகொண்டிருந்தான், ஆனாலும் எல்லாம் தெரிந்தது. முகத்தில் காற்று படாவிட்டால் கனவு என்றே நினைத்திருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

“அப்புறம் பிப்ரவரில ஒரு அண்ணன் உதைவண்டியில...” உதைவண்டி என்றால் இரண்டு நீள இரும்புப் பட்டைமேல் நாற்காலி, பின்னால் நின்று காலால் உதைத்துப் பனியில் ஓட்டுவோம். “அந்த நாற்காலியில ஒரு பெரிய பழைய கடிகாரத்தை உக்கார வெச்சு, பெல்ட் மாதிரி கயிறு கட்டி, போர்வை போத்தி, ஏரிக்குக் குறுக்கே போனாரு. நம்ம பக்கத்துலயே போனாரு.”

யார்மோ அவள் முழங்கையை இறுகப் பிடித்தான்.

“மணி அடிச்சுதா? பள்ளத்துல ஏறி இறங்கினப்போ டங்குன்னு அடிச்சுதா?”

“ஆமா, ரெண்டு தடவை.”

“கடவுளே. நான் என் மூளை குழம்பிப்போச்சுன்னு நெனச்சேன் ஹில்லா. ஏரி நடுவுல வீட்டுக் கடிகாரம் அடிக்குது, உன்னைக் கேட்டா பதிலில்ல. கண்ணுக்கு அடுத்து இது போகப்போகுதுன்னு நெனச்சேன். அன்னிலேருந்து ராத்திரி எல்லாம் பயம். யாருகிட்ட சொல்ல?”

ஹில்லா அங்கேயே, ஏரி நடுவில், பனிமேல் உட்கார்ந்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்தபோது இருவர் மூக்கும் சிவந்திருந்தது. இந்தத் தடவை நான் காபி வேண்டுமா என்று கேட்கவே இல்லை, ஊற்றி வைத்துவிட்டேன். அவள் ஆறின பீராக்காவில் முட்டையும் வெண்ணெயும் மசித்ததை அப்பி அப்பித் தின்றாள்.

“அந்த ரெண்டு பக்கத்துல என்ன எழுதப்போறே?” என்று கேட்டேன்.

“தெரியல. ஒருத்தருக்குத் துணையா இருந்தேன்னு எழுதினா பொய். பக்கத்துலயே நடந்துக்கிட்டு அவரைத் தனியா விட்டிருக்கேன்.”

“நானும்தான்,” என்றான் யார்மோ. “கேட்டிருக்கலாம். வாய் இருந்துச்சே.”

“இல்ல. நான் மரியாதைன்னு நெனச்சேன்.” கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினாள். “ஏரியில உக்காந்தப்போ யோசிச்சேன். அது மரியாதை இல்ல, பயம். நான் ஏதாவது தப்பாச் சொல்லி, இனிமே வராதேன்னு நீங்க சொல்லிட்டா? எனக்கு இந்த ஊர்ல சனிக்கிழமையை விட்டா வேற எதுவும் இல்ல. உங்களுக்கு உதவத்தான் வந்தேன், ஆனா எனக்குத்தான் நீங்க வேண்டியிருந்துச்சு. அது வெக்கமா இருந்துச்சு.”

இதைச் சொல்லி முடிக்க ஒரு ஹாமேக்காரிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அவள் தட்டில் இன்னும் இரண்டு பீராக்கா வைத்தேன்.

அவள் இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் வருகிறாள், மதிப்பெண் கொடுக்க யாரும் இல்லாமலே. அந்த இரண்டு பக்கத்தில் கடைசியில் கடிகாரக் கதையைத்தான் எழுதினாளாம், தனி வளர்ச்சிக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பேராசிரியர் ஓரத்தில் கேட்டிருந்தாராம். குடியிருப்புச் சமையலறையில் அந்த இரண்டு பெண்கள் இருக்கும்போதே உள்ளே போய், நான் இங்க உக்காரலாமா என்று வாய்விட்டுக் கேட்டாளாம். ஒரு வருஷமாக உனக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தோம் என்றார்களாம் அவர்கள். ஊருக்கு போன் செய்து தனக்குத் தனிமையாக இருக்கிறது என்று அப்பாவிடமே சொன்னாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுவாரம் மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, நாடு முழுக்கக் குறுக்காக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தும் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. ஏரியில் யார்மோ அவளிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறான், அதை இருவரும் காபி குடிக்கும்போது சொல்லவில்லை.

அவள் போன பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. யார்மோ போய்ப் படுத்துவிடுவான் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், கட்டில் சத்தம் வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வந்து என் பின்னால் நின்றான்.

“அக்கா, உனக்குத் தலை முழுக்க வெளுத்துப்போச்சாமே.”

என் கையில் இருந்த கோப்பை தண்ணீருக்குள் போயிற்று.

“யாரு சொன்னது?”

“நான்தான் கேட்டேன். எங்கக்கா எப்படி இருக்கான்னு. சொல்லிட்டா. ‘முடி பூரா வெள்ளை, கண்ணுக்குக் கீழ கறுப்பு, பாவம், ரொம்பக் களைச்சுப்போயிருக்காங்க’ன்னா.” இன்னும் ஒரு அடி கிட்டே வந்தான். “எனக்குத் தெரிஞ்சு உனக்குச் செம்பட்டை முடிக்கா. நான் அந்தப் பழைய ராய்லி அக்காகிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன். அவ நல்லா இருக்கா, திடமா இருக்கா, கத்துவா, சமாளிச்சுக்குவான்னு நெனச்சுத்தான் போய்ப் படுத்தேன். நீ இப்படி ஆயிட்டேன்னு தெரிஞ்சிருந்தா படுத்திருப்பேனா?”

“எல்லாருக்கும் நரைக்கும்டா. வயசாச்சு.”

“ஒரே வருஷத்துலயா?”

அவன் கையைத் தூக்கி, காற்றில் கொஞ்சம் தேடி, என் தலைமேல் வைத்தான். முரட்டுக் கை. உச்சியிலிருந்து காதோரம் வரை மெதுவாகத் தடவினான். வெள்ளை கைக்குத் தெரியாதென்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தடவிக்கொண்டே இருந்தான். எனக்குக் கண்ணீர் கொட்டியது, சத்தமில்லாமல், எப்போதும் அழுகிற மாதிரி. அந்த வீட்டில் அவனுக்கு முன்னாலேயே எத்தனையோ தடவை அப்படி அழுதிருக்கிறேன். பார்க்க ஆளில்லை என்ற தைரியம்.

“யார்மோ,” என்றேன். “நான் அழறேன்டா.”

“சரிக்கா,” என்றான். துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். “எதுக்குன்னு சொல்லு. மொதல்லேருந்து சொல்லு.”

நான் ஒவ்வொரு தட்டாகக் கழுவிக் கொடுக்க அவன் துடைத்து அடுக்கினான். தட்டெல்லாம் தீர்ந்த பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.